உயிரோடிருப்பவருக்கு ஓர் ஒப்பாரி

காலை எட்டு மணிக்குக் கண்டியில் கம்பளை பஸ் ஏறினேன். ஜன்னலோர இருக்கை, லேசான தூறல், எல்லாம் சுகம்தான். முதல்நாள் கோபம் மட்டும் ஆறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்தது, நவீன சமூகத்தில் வாய்மொழி வழக்காறுகள் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கு. அங்கே இளம் விரிவுரையாளர் ஒருவர் திரையில் ஒரு காணொளி காட்டினார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடொன்றுக்குள் ஓர் அம்மா ஒப்பாரி வைக்கிறார். புருஷனைப் பறிகொடுத்தவள் பாடும் பாட்டு. மண்டபம் கைதட்டியது. எனக்கோ பாட்டின் நடுவே உள்ளறையில் ஓர் ஆண் இருமுவது கேட்டது.

"செத்தது ஆர், தம்பி?" என்று எழும்பிக் கேட்டேன்.

"யாரும் சாகல, மிஸ். பதிவுக்காகப் பாட வச்சோம்."

சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்ற வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய கட்டுரையிலேயே அதை எழுதியிருந்தார். பாடிய பேச்சியம்மாவின் வீடு எங்கே என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பேராதனை தாண்டிக் கெலிஓயாவில் இறங்கினேன். மேலே தோட்டத்துக்கு ஓட்டோ அறுநூறு ரூபாய். ஓட்டுநர் உள்ளூர் முஸ்லிம். பேச்சியம்மா வீடு என்றதும் சிரித்துவிட்டார்.

"அந்த மனிசன் மௌத்தாப் போனெண்டு போனுக்கு வீடியோ வந்த. நாங்க நாலு பேர் செத்த வீட்டுக்கெண்டு போன. அவர் வாசல்ல கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்."

ஆராய்ச்சிக்காரர்கள் இணையத்தில் போட்ட காணொளி கைக்குக் கை மாறும்போது, தலைப்பு கழன்று பாட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதே வாசல், அதே கதிரை. பேச்சியம்மாவின் கணவர் மாரிமுத்து கம்பளி போர்த்தியிருந்தார், நெஞ்சு நோய்க்காரர். "வாங்க, உக்காருங்க" என்றார். பேச்சியம்மா என் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

"வெளிய வந்து பாடுறேன்னு சொன்னேங்க. வீட்டுக்குள்ள பாடுனாத்தான் உண்மையா இருக்கும்னாங்க. படிச்ச புள்ளைங்க, மழையில மேல ஏறி வந்திருக்காங்க, எப்படித் திருப்பி அனுப்புறது? பாட ஆரம்பிச்சா யாரையாச்சும் நெனைக்கணும்ல. இவரு உள்ள இருமிக்கிட்டு இருந்தாரு."

தோஹாவில் வேலை செய்யும் மகனின் போனுக்கும் அது போயிருக்கிறது. அம்மாவின் குரல், வீட்டுச் சுவர், தாலி அறுத்தவளின் பாட்டு. அப்பா போய்விட்டார், எனக்குச் சொல்லாமலே எடுத்துவிட்டார்கள் என்று அழுதிருக்கிறான். மாரிமுத்து போன் திரையில் முகம் காட்டிப் பேசிய பிறகுதான் அடங்கினான்.

அங்கிருந்தே விரிவுரையாளருக்கு அழைத்தேன். அந்தக் காணொளியை உடனே எடுத்துவிடச் சொன்னேன்.

"அது இப்ப ஆவணம், மிஸ். அழிக்க ஏலாது. நாங்க அழிஞ்சு போறதப் பாதுகாக்கிறோம்."

"நீங்கள் பாதுகாத்த சீரை இங்க வந்து பாருங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். படித்தவர்களுக்கு இவ்வளவு துணிச்சலை யார் கொடுத்தார்கள்? என் ஊரில் செத்த வீட்டில் குரல் எடுத்து அழும் பெண்ணின் முன்னால் இப்படிக் கமராவை நீட்டினால், மாமன் மச்சான் சேர்ந்து படலைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். இங்கே தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கும் தேத்தண்ணி வந்தது. பேச்சியம்மா உள்ளே போனதும் மாரிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"நானும் கேட்டேங்க அந்தப் பாட்ட. நல்லாத்தான் பாடியிருக்கா. ஆனா, எனக்கு உள்ளத இப்பவே பாடி முடிச்சிட்டாளாம். வீட்டுக்குள்ள பாடுன வாய் இனி தொறக்காதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டா."

இருமல் வந்தது. அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நெசமா போறன்னிக்கு என்னையச் சும்மாதான் தூக்குவாங்க."