அஞ்சலையின் சைக்கிளுக்கு மூன்று முறை அளவெடுத்தேன்

1. பார் இல்லாத சைக்கிள்

வெல்டிங் வேலைக்கு வந்து முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. மானம் போன நாட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதில் கட்டை விரலுக்கு உரியது, திண்டிவனத்தில் அஞ்சலை வீட்டில் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நானே அடித்த ஸ்டாண்டுக்கு முன்னால் அசடு வழிய நின்றேன். ஸ்டாண்டு சுவரில் ஜம்மென்று இருந்தது. சைக்கிளும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றை ஒன்றில் மாட்டத்தான் வழி இல்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால், வெட்கத்தைப் பார்க்காமல் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

அஞ்சலை, ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். காலை எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். அந்த ஊருக்கு முதல் பஸ் ஒன்பதரைக்குத்தான். ஆகவே சைக்கிள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. மகள் இப்போது விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் அஞ்சலை மட்டும்தான்.

வீடு என்றால் வரிசையாக நாலு போர்ஷன் இருக்கும், அதில் ஒன்று. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையில் கட்டிலும் பீரோவும் போக, ஆள் நடக்கத்தான் இடம். அதனால் சைக்கிள் வெளியே மூன்றடி அகல நடையில் நின்றது. வீட்டுக்காரர் கோதண்டத்தின் மனைவி முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். வாக்கர் இரண்டு தடவை சைக்கிளில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை அந்தம்மா கீழே விழப் பார்த்தார். கோதண்டம் கெடு வைத்துவிட்டார்.

"திங்கக்கெழம காலையிலேர்ந்து நடையில சைக்கிள் நிக்கக் கூடாது அஞ்சல. உள்ள வெச்சிக்கினா வெச்சிக்கோ, இல்லன்னா வித்துடு. ரெண்டும் முடியலன்னா வேற ஊடு பாத்துக்கோ."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதே நடையில் அவருடைய மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகள் ஆறு அடுக்கி வைத்திருந்ததுதான் எனக்கு உறுத்தியது. சொந்த வீட்டு மூட்டை யார் காலிலும் இடிக்காது போலிருக்கிறது.

அஞ்சலை கடைக்கு வந்தபோது, தெருவில் பூட்டி வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எங்க ஆளு சைக்கிள போன வருசம் அப்பிடித்தான் வெச்சோம்ண்ணா. காலையில பூட்டு மட்டுந்தான் கெடந்துச்சு. இதுவும் போச்சுன்னா என் வேலையும் போச்சு. சொவுத்துல மாட்டற மாதிரி எதுனா பண்ணிக் குடுங்க."

"அவ்ளோதானே! ஞாயித்துக்கெழம மாட்டிடலாம், போம்மா" என்றேன்.

அந்தத் தெம்புக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் விழுப்புரத்தில் ஒரு அபார்ட்மெண்டில் நாலு கியர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு அடித்திருந்தேன். சுவரிலிருந்து இரண்டு கை நீட்டிக்கொண்டு நிற்கும். சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் பாரை அதன்மேல் உட்கார வைத்தால் போதும். அதே டிசைன்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அளவெடுக்கப் போன அன்று அஞ்சலை வேலைக்குப் போயிருந்தார், சைக்கிளும் அவரோடு போயிருந்தது. பக்கத்து போர்ஷனில் சாவி வாங்கி, சுவரை மட்டும் டேப் போட்டு அளந்துகொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டிரில் போட்டு, ஆங்கர் போல்ட் இறக்கி, ஸ்டாண்டை முறுக்கிவிட்டு, "கொண்டாம்மா சைக்கிள" என்றேன். நடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். லேடீஸ் சைக்கிள். புடவையோடு ஏறி இறங்க வசதியாக நடுவில் வளைந்து தாழ்ந்திருந்தது. பார் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

"பொம்பளப் புள்ளைங்களுக்குக் குடுக்கற சைக்கிள்ல பார் ஏதுண்ணா?" என்றார் அஞ்சலை.

வாசலில் சாய்ந்து நின்ற கோதண்டம் விடுவாரா? "இன்னா வெல்டரே, எந்த சைக்கிளுக்கு அளவெடுத்த? கனவுல வந்ததுக்கா?"

2. கொக்கி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தப்பு என்னுடையதாக இருந்தால் இன்னும் வேகமாக வரும். ஸ்டாண்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். கைகளை வெட்டி எறிந்துவிட்டு, கனமான ராடை வளைத்து ஒரு கொக்கி செய்தேன். முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டால் சைக்கிள் சுவரோரம் தொங்கும். இந்தத் தடவை சைக்கிளையும் அளந்துகொண்டேன். மூன்று மணிக்கெல்லாம் கொக்கி சுவரில் ஏறிவிட்டது. சைக்கிளைத் தூக்கி மாட்டினேன். கல் மாதிரி நின்றது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கைகூடத் தட்டினார்கள். போன மானம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எறக்கிட்டு நீ ஒருவாட்டி மாட்டிப் பாரும்மா."

அஞ்சலை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்கினார். அது இருபது கிலோவுக்குக் குறையாத சைக்கிள். கொக்கியோ ஆறடிக்கு மேலே, என் கை எட்டும் உயரத்துக்கு. முன் சக்கரம் அவர் நெற்றி வரைக்கும் போனது. அதற்கு மேல் கை எட்டவில்லை. ஹேண்டில் திரும்பித் தோளில் இடித்தது. மறுபடி தூக்கினார். செயின் மை புடவையில் அப்பிக்கொண்டதுதான் மிச்சம். சைக்கிளைக் கீழே விட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தெனம் காலையில நீங்க வந்து எறக்கிக் குடுப்பீங்களாண்ணா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த நாள் திங்கட்கிழமை. நான் இரண்டு வேலை செய்து முடித்திருக்கிறேன், அந்தப் பெண்ணுக்குச் சைக்கிள் வைக்க இன்னும் இடமில்லை.

நான் தொழில் கற்றுக்கொண்ட விழுப்புரத்துக் கிரில் பட்டறை முதலாளி ஒன்று சொல்வார்: "சொவுத்த அள, சாமான அள. ஆள அளக்காத. ஆளு மாறிடுவான், சொவுரு அங்கியேதான் நிக்கும்." கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அது சரிதான். முப்பது வருஷம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அஞ்சலையின் உயரம் என்ன என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

"இன்னிக்கு சைக்கிள் என் கடையில இருக்கட்டும். காலையில ஏழு மணிக்கு வந்து எடுத்துக்கினு போ. ரெண்டு நாள் டைம் குடு" என்றேன்.

கோதண்டம், "ரெண்டு நாளு போயி ரெண்டு மாசம் ஆயிடப் போவுது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. கடைப் படி

என் கடை ஒன்பது மணிக்கு முன்னால் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. திங்கட்கிழமை ஆறரைக்குச் சட்டையை மாட்டியதும், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று மனைவி கேட்டாள்.

அன்று மாலை வேலை முடிந்து அஞ்சலை சைக்கிளைத் திருப்பி விட வந்தார். கடைக்கு முன்னால் சாக்கடை, அதைத் தாண்டி உயரமான இரண்டு படிகள். நான் போய்த் தூக்கிக் கொடுக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் ஹேண்டிலைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்து முன் சக்கரத்தைப் படியில் ஏற்றினார். அடுத்த படியிலும் ஏற்றினார். இடுப்பால் ஒரு தள்ளு. பின் சக்கரம் தானாக உருண்டு மேலே வந்துவிட்டது. மூச்சுகூட வாங்கவில்லை.

"நேத்து தூக்க முடியல, இன்னிக்கு எப்பிடிம்மா?"

"இத எங்கண்ணா தூக்கனேன்? ஸ்கூல்ல சோத்து அண்டாவயே தூக்க மாட்டோம். ஒரு பக்கமா சாச்சி, உருட்டிக்கினு போவோம். தூக்கினா இடுப்பு போயிடும்."

எனக்கு வேண்டிய டிசைனை அவர் சொல்லிவிட்டார். கடை வாசலிலேயே நிற்கச் சொல்லி அவரை அளந்தேன். உயரம் நாலடி பத்து அங்குலம். தோள் எவ்வளவு, கை நீட்டினால் எவ்வளவு, எல்லாம் எழுதிக்கொண்டேன். "பிளவுசு தெக்கப் போறீங்களா?" என்று அவர் சிரித்தார். சுவரையும் சைக்கிளையும் அளந்த பிறகு எடுத்த மூன்றாவது அளவு அது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அதே வேலை. டயர் உட்காரும் அகலத்தில், வாய்க்கால் மாதிரி குழிந்த ஒரு இரும்புச் சேனல். அதை பீரோவுக்குப் பக்கத்து மூலையில், தரையிலிருந்து சுவருக்குச் சாய்வாக வைத்து போல்ட் போட்டேன். பின் மட்கார்டு தரையில் இடிக்கும் என்பதால் நட்டுக்குத்தாக நிறுத்தவில்லை. முன் சக்கரத்தைச் சேனலில் விட்டுத் தள்ளினால் அது ஏறிக்கொண்டே போகும், பின் சக்கரம் தரையில் உருண்டு கூடவே வரும். பாதி எடையைத் தரையே வாங்கிக்கொள்ளும். மேலே போனதும் அஞ்சலையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சின்ன கொக்கி, டயர்மேல் தானாக விழும்படி வைத்தேன். இலை தின்ன ஆடு முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி சைக்கிள் நிற்கும். முன்பு தரையில் ஆறடி பிடித்தது, இப்போது மூன்றடிக்குள் அடங்கிவிட்டது. சீட் மட்டும் கட்டில் கால்மாட்டுக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அஞ்சலை வந்ததும் நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். உதவக் கூடாது என்று எனக்கே உத்தரவு போட்டுக்கொண்டேன். அவர் தள்ளினார். பாதியில் முன்கூடையிலிருந்த டிபன் பாக்ஸ் தடாலென்று கீழே விழுந்தது. உதவ ஓரடி முன்னால் வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஹேண்டிலை விட்டு அதற்குக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்துத் தள்ளினார். டக்கென்று கொக்கி விழுந்தது.

"ஏறிடுச்சுண்ணா!"

இறக்கச் சொன்னேன், மறுபடி ஏற்றச் சொன்னேன். ஐந்து தடவை. ஐந்தாவது தடவை என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஏற்றினார்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வாக்கரோடு நடையில் மெதுவாக வந்தார். பின்னாலேயே கோதண்டம். அந்தம்மா உள்ளே எட்டிப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க, அவ சைக்கிள் ஏறிடுச்சு. உங்க மல்லாட்ட மூட்டைங்க எப்ப ஏறும்?"

கோதண்டம் எங்கேயோ அவசர வேலை இருப்பவர்போலத் தெருப்பக்கம் போனார். ஆனால் அந்த வாரத்துக்குள் மூட்டைகள் மாடிக்குப் போய்விட்டன என்று கேள்விப்பட்டேன்.

4. நோட்டின் முதல் வரி

புதன்கிழமை கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இருந்தாலும் ஏழு மணிக்கு அந்தத் தெருமுனை டீக்கடையில் போய் நின்றேன். அஞ்சலை தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பூட்டி, ஏறி உட்கார்ந்தார். டீக்கடை பக்கத்தில் வந்ததும் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணா, இன்னிக்கும் ஏழு மணிக்கா?"

பதிலுக்கு நிற்கவில்லை. நேரமாகிவிட்டது, மணியை அடித்துக்கொண்டு ஒலக்கூர் ரோட்டில் திரும்பிவிட்டார். நான் எத்தனையோ பெரிய வீட்டுக்கு கேட் அடித்திருக்கிறேன். ஒன்றுக்கும் இப்படி சந்தோஷப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு சின்ன வீடுகளிலிருந்து நிறையப் பேர் சைக்கிள் வைக்க வழி கேட்டு வருகிறார்கள். மாடிப்படிக்கு அடியில், கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு மேலே என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதிரி. போனில் யார் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி, "தெனம் அத யாரு எடுத்து வெப்பாங்க? அவங்க இருக்கற நேரமா வர்றேன்" என்பதுதான். அந்த ஆள் வந்து நிற்காமல் டேப்பை வெளியே எடுக்க மாட்டேன்.

முதலாளி சொன்ன முறையை நான் மாற்றிக்கொண்டுவிட்டேன். அளவு நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் முதல் வரி ஆள், இரண்டாவது சாமான், சுவர் மூன்றாவது. அந்த நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் இப்படி இருக்கும்: அஞ்சலை, நாலடி பத்து, தூக்க மாட்டார், தள்ளுவார்.