மீன் அரியும் கத்தி

ஊரப்பாக்கம் ரயில் நிலையக் கடையில் தொங்கிய துப்பறியும் நாவலின் அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி. கத்தி என்றாலே கொலைதானா என்று எரிச்சல் வந்ததும், சதுரங்கப்பட்டினத்தில் மல்லிகா அக்கா நடத்திய, பின்னாளில் கடல் கொண்டுபோன ஓலை வேய்ந்த மீன்வறுவல் கடையும், அங்கே காலையெல்லாம் சீறும் எண்ணெயும், வஞ்சிரம் வறுபடும் மணமும் நினைவில் எழுந்தன.

அவள் கணவன் சொல்லாமல் எங்கோ போய்விட்டபோது, இப்படிப்பட்ட கதைகளை விடாமல் படிக்கும் போலீஸ்காரர் ஒருவர் கடைக் கத்தியைத் தூக்கிப் பிடித்து, "ரத்தம் கீது பாரு" என்றார்.

"மீன் அரியுற கத்தில இன்னா சார், சந்தனமா ஒட்டிக்கினு இருக்கும்?" என்று அக்கா கத்தினாள். ஊர் பார்க்க அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

சில நாளில் கணவன் புதுச்சட்டையோடு மதுராந்தகம் பஸ்ஸில் வந்து இறங்கினான். போலீஸ் அவளை விட்டுவிட்டது. அவனுக்கு ஊர்க்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவள் கடைக்குத்தான் அதன்பின் எங்கள் தெருவில் ஒருவரும் போகவில்லை.