சித்தியாகப் போன நேர்முகம்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

போன செவ்வாய்க்கிழமை கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தோம். பத்துக் கிலோமீற்றரெல்லாம் ஒரு பயணமா என்று சிரிப்பவர்கள் சிரியுங்கள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது நெடும்பயணம்தான்.

மகள் இன்பாவுக்கு அங்கே ஒரு கன்னியர் மடப் பாடசாலையில் முதலாம் தர நேர்முகம். (பெயர்கள் மாற்றியவை.) பெற்றவள் ராணி. ராணியும் நானும் எட்டு வருடமாகத் தம்பதியாக வாழ்கிறோம், இருவரும் சேர்ந்துதான் அவளை வளர்க்கிறோம். வெள்ளவத்தையில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும் என்பதால்தான் அவ்வளவு தூரத்தில் பாடசாலை தேடினோம். தெரிந்தால் இடம் தரமாட்டார்கள் என்ற பயத்தில் நான் சித்தியாகப் போவதென்று முடிவு. அந்த அருமையான யோசனை என்னுடையது.

காலை 8.10க்கு ஓட்டோ, 1,200 ரூபாய். கொள்ளுப்பிட்டி வரவே நாற்பது நிமிடம். சாரதிக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது.

"யார்ட மகள் இது?"

"அக்காட மகள்," என்றேன். வாய் கூசியது.

இன்பா என் காதுக்குள் கேட்டாள்: "மம்மி, நடிப்பு இப்பவே தொடங்கிற்றா?"

9.25க்குப் போய்ச் சேர்ந்தோம். தகப்பன் இல்லை என்று ராணி சொன்னதும் அதிபர் சிஸ்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தப்பினோம் என்று நினைத்தேன். பிறகு ஓர் அட்டையை எடுத்தார். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவரின் படம் ஒட்டி, வாசலில் காட்டவேண்டிய அட்டை.

"தாய் தகப்பனுக்கு மட்டும்தான். சித்தி, மாமி ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல."

ராணிக்கு மாலை ஆறு வரை கடையில் வேலை. தினமும் கூட்டிவரப் போவது நான். அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். ராணி முந்திக்கொண்டாள்.

"இவங்க சித்தி இல்ல சிஸ்டர். இவங்களும் பிள்ளைக்கு அம்மாதான்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார், இன்பாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இடம் தாறதை நான் தனியத் தீர்மானிக்கேலாது," என்றார். பிறகு, "பதினொரு மணிக்கு ஒஃபிஸ் பூட்டும். அட்டைக்கு உங்கட படம் எங்க?"

போகிறவர்களுக்குச் சொல்வது: எட்டு மணிக்கு முன்பே புறப்படுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மின் கட்டணப் பட்டியல் எல்லாவற்றின் மூலப்பிரதியும் வேண்டும். முடிவுக் கடிதம் வர இரண்டு கிழமையாகும். எங்களுக்கு இன்னும் வரவில்லை, தபால்காரரின் மணி கேட்டாலே வாசலுக்குப் போய் நிற்கிறேன். பாடசாலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது, நான்கு படம் 500 ரூபாய், பத்து நிமிடம். ஓடிப்போய் எடுத்த படத்தில் எனக்குக் கண் சிவந்திருக்கிறது. நீங்கள் பெற்றோர் இருவரின் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். நான் வீட்டிலிருந்து ராணியின் படத்தை மட்டும்தான் எடுத்து வைத்திருந்தேன்.