நீலம் பாரித்த குரோம் பைப்

கிராணியாரின் எக்ஸாஸ்ட் பைப்பை நான்தான் ஆசிட் போட்டுக் கெடுத்தேன் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அப்போது நான் மலாயாவில், செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இஞ்சின் ஃபிட்டர். 1930களின் நடுப்பகுதி.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பொன்னையா, ஜோகூர் பாருவில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி வந்திருந்தார். பைப் குரோம். அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் நிக்கல். நிக்கல் மங்கும், பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். குரோம் மங்காது, ஆனால் பூச்சு மெலிசு. தேய்த்தால் அதுவே போய்விடும். துடைக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். அதனால் சனிக்கிழமைதோறும் பைப் நன்றாக ஆறிய பிறகு சோப்புத் தண்ணீரில் செம்மண்ணைக் கழுவி, ரப்பர் பால் சிந்திக் கருகிய இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து எடுப்பேன். பிறகு ஈரம் போகத் துடைப்பேன். அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் பைப் மஞ்சளாகி, பிறகு மயில் கழுத்து மாதிரி நீலமாகிவிட்டது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் நான் வேலை செய்த ஸ்டோரிலேயே இருந்ததால் பழி என்மேல் விழுந்தது. பொன்னையாவுக்கு ஞாயிற்றுக்கிழமை யோங் பெங்கில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

“மாரிமுத்து, இத நீ பழையபடி ஆக்கல, தொரைகிட்ட சொல்லிடுவேன்” என்றார்.

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கக் கை துடித்தது. அன்றைக்குப் பளபளக்கும், அடுத்த மழையில் துருப்பிடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு பைப்பையே பார்த்தேன். இஞ்சினை ஒட்டிய வளைவில்தான் நீலம். வால் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. நான் துடைத்ததோ முழு பைப்பையும்.

ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்தேன். பொறி விழும் நேரத்தை மாற்ற ஹேண்டில்பாரில் இருந்த ஸ்பார்க் லீவரை அவர் கடைசிவரை பின்னுக்கு இழுத்தே வைத்திருந்தார். முதல் நாள் கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் வீங்கியதாம். லீவரைப் பின்னுக்கு வைத்தால் அடிக்காது என்று கடைக்காரர் சொன்னாராம். ஸ்டார்ட் ஆனதும் முன்னுக்குத் தள்ள வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை.

“கிராணியாரே, நெருப்பு லேட்டா புடிக்குது. இஞ்சின்ல எரிய வேண்டியது பைப்புல எரியுது, அந்தச் சூட்டுலதான் நீலம்” என்றேன்.

லீவரைத் தள்ளியதும் வண்டி பாய்ந்தது. அவருடைய தொப்பி காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்து வந்த ஒருவர் காலடியில் போய் விழுந்தது. நீலம் இனிப் பரவாது, தேய்த்து எடுக்க வேண்டாம் என்று சொல்லி, கழுவித் துடைத்து அனுப்பினேன்.

யோங் பெங்கில் பெண்ணின் அண்ணன் அவரை வாசலிலேயே நிறுத்தினாராம். அந்த அண்ணனிடமும் ஒரு மோட்டார் சைக்கிள், அதிலும் அதே நீலம். பொன்னையா சாயங்காலம் வரை லீவரை விளக்கியிருக்கிறார். “பொண்ண விட அவரு வண்டியத்தான் ரொம்ப நேரம் பாத்தேன்” என்றார் என்னிடம். சம்பந்தம் முடிவாகிவிட்டது.

திங்கள் காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, “பைப்பு கெட்டது என்னால. மாரிமுத்து மேல தப்பில்ல” என்று பொன்னையா சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேலையை விடும்வரை நான் பின்பற்றிய பழக்கம் அன்று வந்தது: யார் பைப்பைக் காட்டினாலும், துணியைத் தொடும் முன் வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொல்வேன்.