ஏறும் வண்டியா, இறங்கும் வண்டியா

கொரோனா போயே போய்விட்டது என்று ஊரே முகக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் அது எனக்கு வந்தது. மூன்று நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமல். பத்தாம் நாள் ஜீப்பை எடுத்துவிட்டேன். கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக அதே மலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்ட ஆள் நான்.

முதல் வாரமே, செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியை இடப்பக்கம் திருப்பினேன். பின்னால் பேச்சு சட்டென்று நின்றது. தினமும் முன் சீட்டில் உட்காரும் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, எங்கன போறீக? இது பழைய எஸ்டேட்டுப் பாதையில்ல?"

அந்தத் தோட்டத்துக்கு ஓட்டுவதை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. "பனி மறைச்சிருச்சு தாயி" என்றேன். அன்று பனியே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பொய்க்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

மலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். மறுவாரம் சாயங்காலம் இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி ஏறி வந்தது. நான் ஒதுங்கவில்லை. வழக்கம் மறக்கவில்லை. நான் ஏறுகிறேனா இறங்குகிறேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. முன் சீட்டுப் பெண் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. பின்னால் பத்துப் பேர் இருந்தார்கள், அதில் ஒருத்தி அவளுடைய மகள்.

கீழே வந்ததும் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

தேனியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார். "கிருமி மூளைக்குள்ளயே போயிருக்கணும்னு இல்ல. அதை வெரட்ட ஒடம்பு போடுற சண்டையில மூளையும் அடி வாங்கும். பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாயிரும். அதுவரைக்கும் மலையில ஓட்டாதீக."

நுரையீரலுக்கு வந்தது தலைக்கு எப்படி ஏறும் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் ஒருநாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதை, என்ன செய்வதென்று தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். எரிச்சல் பயமாக மாறியது.

ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். தலை தெளிந்தது. டாக்டர் சரி என்ற பிறகும் ஒரு மாதம் காலி ஜீப்பை மலையில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஆள் ஏற்ற வந்து நின்றேன். யாராவது ஏறுவார்களா என்பதே சந்தேகம்.

அவள் வந்தாள். பழையபடி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மக வரலையா?"

"பின்னாடி ஜீப்புல வாராண்ணே." தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே வண்டியில வேணாமுன்னு."

வலித்தது. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். வண்டியை எடுத்தேன். முதல் வளைவில், யாரிடமோ நேரம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்:

"நாம இப்ப ஏறுறோம்ணே."