பெட்ரோல் ஹோஸில் ஷூ சொல்யூஷன்

காலை ஆறு இருபதுக்குக் காருக்கு அடியில் முதலில் கண்ணில் பட்டது உள்ளங்கை அகல ஈரம். தண்ணீர் என்று நினைத்தேன். டிரைவர் சீட்டில் இருந்த மைத்துனன் மறுபடி சாவியைத் திருப்பினான். பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் பம்ப் வழக்கம்போல் முனகி நின்றது. என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஈரம் பெரிதானது. அப்போதுதான் பெட்ரோல் வாடை வந்தது.

“சாவியை எடுடா” என்றேன்.

அன்று மனைவிக்கு வேலூரில் ஆசிரியர் தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். போன முறை கொஞ்சத்தில் தவறியது. வயது வரம்பின்படி இதுதான் கடைசி. ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

பம்ப் ஓடியும் என்ஜினுக்குப் பெட்ரோல் போகவில்லை என்றால் நடுவில் எங்கோ வெளியேறுகிறது. சாவியைத் திருப்பத் திருப்ப இன்னும் கொட்டும். இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே சமையலறை வாசலில் மாமியார் வந்து நின்றார். ஒரு கையில் கற்பூரத் தட்டு, மறு கையில் தீப்பெட்டி.

“அத்தை, கொளுத்தாதீங்க! உள்ள போங்க.”

“பரீட்சைக்குப் போற வண்டி மாப்ள. காட்டாம எடுக்கக் கூடாது.”

“வண்டியே எரிஞ்சிடும் அத்தை.”

தட்டோடு உள்ளே போனார். நியூட்ரலில் போட்டு, ஷெட்டிலிருந்து வெட்டவெளிக்குக் காரைத் தள்ளினோம். ஈரத்தின்மேல் மணலைக் கொட்டினேன். வாடை அடங்கும்வரை காத்திருந்து பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் ஹோஸின் வளைவில் மஞ்சளாக ஏதோ கூழாகி வழிந்துகொண்டிருந்தது.

“இன்னாடா இது?”

ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருக்கும் மைத்துனன் தலையைச் சொறிந்தான். “கீறல் இருந்துச்சு மாமா. நேத்துதான் சொல்யூஷன் தடவி ஒட்டுனேன். சோலையே பிரிய உடாது, இதை உட்ருமா?”

“ஷூவுக்குள்ள பெட்ரோல் ஊத்திக்கினாடா நடக்கிறாங்க?” என்றாள் மனைவி. ஹால் டிக்கெட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “பைக்கை எடு. அதுல எதையாவது ஒட்டி வச்சிருக்கியா?”

“இல்லக்கா, சத்தியமா.”

இருவரும் கிளம்பினார்கள். நான் காருக்குக் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தெருவில் பீடி பற்றவைத்தவரைக் கையசைத்து எதிர்ப்பக்கம் போகச் சொன்னேன். மற்றபடி செய்வதற்கு ஒன்றுமில்லை.

போன் வந்தது. “அக்கா உள்ள போய்ட்டுச்சு மாமா. இன்னும் கூட்டம் வந்துக்கினே இருக்குது.”

அதுவரை குடிக்காமல் வைத்திருந்த டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தாலும் நன்றாக இருந்தது.

மெக்கானிக் புது ஹோஸ் மாட்டி முடித்தபோது தேர்வும் முடிந்திருந்தது.