நான்கு தட்டிகளும் ஒரு மடிப் புடவையும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை நான்கு இருபத்தைந்துக்கு ஆபீஸிலிருந்து வீடு திரும்பினேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கொல்லைப்புறத்துக் கண்ணாடி அறைக்குப் போனேன்.

நான்கு மூங்கில் தட்டிகளும் மேலே சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல... நான்கும்!

தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது. ஆர்க்கிட்டின் பூந்தண்டில் காலையில் முப்பத்தொரு மொட்டுகள் எண்ணி, டைரியில் குறித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இப்போது இருபத்தெட்டு. மற்ற மூன்றும் மஞ்சளித்துத் தரையில் கிடந்தன.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, வீட்டுத் தோட்டப் போட்டிக்காக நடுவர்கள் என் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஐந்து நாள்தான் பாக்கி. என் கோபம் எத்தனை டிகிரி என்று சொல்ல அந்தத் தெர்மாமீட்டரில் இடமில்லை.

கண்ணாடி அறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்து மழையில் மென்மையான செடி எதுவும் அழுகாமல் நிற்காது. ஆகவே பழைய பங்களா ஒன்றை இடித்தபோது, அதன் கண்ணாடி ஜன்னல்களை ஏலத்தில் எடுத்து, போன வருஷ மழைக்குப் பிறகு, கொல்லைத் தாழ்வாரத்தை ஒட்டிப் பன்னிரண்டடிக்கு எட்டடி அறை ஒன்று கட்டினேன். மழை உள்ளே வராது. ஆனால் வெயில் வந்துவிடும்! வந்தால் வெளியே போகாது. அதற்காகத்தான் மூங்கில் தட்டிகள். மெல்லிய குச்சிகளைக் கயிற்றால் கோத்த, சுருட்டக்கூடிய தட்டிகள். வெயிலைச் சல்லடைபோல் சலித்து உள்ளே விடும். கதவருகே நான்கு கயிறுகள். இழுத்தால் மேலே, விட்டால் கீழே. இதில் புரியாதது என்ன இருக்கிறது?

ஆர்க்கிட்டைப் பொன்மலை போல... வேண்டாம், உவமை வேண்டாம். பொன்முடி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஐந்து வருஷங்களுக்கு முன் கொடுத்த செடி. இந்த அறை எழுந்ததும் அதன் நடுத்தூணில் கட்டினேன். வேர் தூணைப் பிடித்துக்கொண்டது. இனி நகர்த்த முடியாது. இந்த வருஷம்தான் முதன்முதலாகப் பூக்கப் போகிறது.

"தட்டியை யார் தூக்கினது?" என்று அறையிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"அக்காவாக்கும்," என்றாள் என் மனைவி லக்ஷ்மி, உள்ளேயிருந்து.

அக்கா என்பது என் தமக்கை பாகீரதி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கணவர் போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். தன் சாப்பாட்டைத் தானே, ஒரு வேளை, மடியாகச் சமைத்துக்கொள்வாள். மடி என்றால் தெரியுமல்லவா? குளித்து, துவைத்து உலர்ந்த புடவையை, வேறு யாரும் எதுவும் படாமல் உடுத்திக்கொண்டு சமைக்க வேண்டும். கொடியில் காயும்போது யாராவது தொட்டுவிட்டால், திரும்பவும் துவைக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தூணுக்கு இரண்டடி தள்ளி, குறுக்கே ஒரு மூங்கில் கழி. அதில் அக்காவின் ஒன்பது கெஜம்!

தட்டியை இறக்கக் கயிற்றின் மேல் கை வைத்தேன்.

"தொடாதே அம்பி! கயிறு கழியிலே படறது. கழி மடியாக்கும்!"

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"என் அறை அக்கா இது. என் கயிறு."

"நான் இல்லேன்னேனா? குளிச்சுட்டு வந்து தொடேன். ஆபீஸ்லே நூறு பேர் மேலே பட்டுட்டு வந்திருக்கே."

குளித்துவிட்டு வந்தேன். நான்கு ஐம்பத்தைந்து. அப்போது வெயிலே இல்லை... மழை!

அன்றே ஒரு முழுத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். 'காலை 8.30க்குத் தட்டி இறக்கவும். மாலை 4.30க்கு ஏற்றவும். இடையில் தொடலாகாது.' அக்கா அதை மெதுவாக ஒரு முறை படித்தாள்.

"அழகா எழுதியிருக்கே," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, அழகான எழுத்துக்கு மேலே நான்கு தட்டிகளும் சுருண்டு நின்றன. மொட்டு இருபத்தாறு.

படித்த மனிதன் என்ன செய்வான்? பூட்டுப் போட்டேன். புதன்கிழமை காலை கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். மாலையில் எண்ணினேன். இருபத்தாறு. அப்படியே! ஒரு பூட்டு சாதிப்பதை உலகத்தில் எந்த நோட்டீஸும் சாதிக்காது என்று டைரியில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை தலைவலி. அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொல்லைத் தாழ்வாரத்தில் அவள் அடுப்பு எரியவில்லை.

"சாப்பிட்டாச்சா அக்கா?"

"இன்னும் இல்லேடா. புடவை ஒணங்கட்டும்."

"இரண்டு மணி ஆச்சே!"

"ஒணங்கினாத்தானே?"

லக்ஷ்மி சொன்னாள். "இன்னிக்கு மட்டும்னு நெனைச்சேளா? பூட்டுப் போட்ட அன்னிலேருந்து இப்படித்தான். புதன்கிழமை நாலு மணிக்குச் சாப்பிட்டா. நேத்து ஒரு டம்ளர் மோரோட சரி. நீங்க ஒம்பதரைக்குச் சாப்பிட்டுட்டு ஆபீஸ் போயிடறேள். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷ மழையிலே என்ன பண்ணினா? அப்போ கண்ணாடி அறையே இல்லையே!"

"அதானே சொல்றேன். அப்போ தாழ்வாரத்திலே காத்து வந்துண்டிருந்தது. மழையானாலும் காத்திலே ஒணங்கிடும். இப்போதான் நீங்க கண்ணாடி வெச்சு அடைச்சுட்டேளே!"

பன்னிரண்டடி, எட்டடி, கூரைச் சரிவு, தட்டியின் அகலம்... எல்லாம் அங்குலக் கணக்கில் அளந்தவன் நான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. எரிச்சல் யார் மேல் என்று தெரியாமல் போனால் அது இரண்டு மடங்காகிறது. உங்களுக்கும் அப்படித்தானா?

"என்கிட்டே சொல்லப்படாதா அக்கா?" என்று கத்தினேன்.

"பூ பூக்கப் போறதுன்னு சொன்னியே," என்றாள் அக்கா. "ஒரு நாலு நாள்தானேன்னு இருந்தேன்."

சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை முழுவதும் மழை. தட்டி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான். அக்கா அன்றும் மோர்தான் குடித்தாள்.

சனிக்கிழமை. லீவு போட்டிருந்தேன். பத்து மணிக்கு வெயில் வந்தது. மூன்று நாளைக்குப் பிறகு, சுள்ளென்று ஒரு வெயில்! குளித்துவிட்டு வந்து நான்கு தட்டிகளையும் நானே தூக்கிக் கட்டினேன். அக்கா புடவையைக் கழியில் விரித்தாள். நான் ஆபீஸ் குடையை எடுத்து வந்து, விரித்து, ஆர்க்கிட்டின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். மொட்டு இருபத்தாறு, அதில் நான்கு விரிந்துவிட்டன. புடவைக்கு வெயில், பூவுக்கு நிழல். எப்படி யோசனை? எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பத்து ஐம்பது இருக்கும். நடுவர்கள் வர இன்னும் எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். கை திரும்பியதும் குடையும் திரும்பியது. குடைக்கம்பியின் நுனி புடவையில் போய்க் குத்திக்கொண்டது.

அக்கா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "சரி, எடு," என்று மட்டும் சொன்னாள். கிணற்றடிக்குப் போக எழுந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். நான்கு நாள் ஒழுங்கான சாப்பாடில்லாத உடம்பு.

"நீ உட்கார். நான் துவைக்கிறேன்."

"ஒனக்குத் தெரியாது."

"தெரியும்!"

கிணற்றடியில் நாலு குடம் தலையில் கொட்டிக்கொண்டேன். ஈர வேஷ்டியோடு புடவையைத் துவைத்து, பிழிந்து, கழியில் போட்டேன். பதினொன்று இருபது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இப்போது நான் மடி. கயிற்றைத் தொடலாம், குடையைத் தொட முடியாது.

"நான் பிடிச்சுக்கறேன்," என்று லக்ஷ்மி குடையை எடுக்கப் போனாள்.

"குடையே வேண்டாம்மா. ஒரு தடவை பட்டது போரும்," என்றாள் அக்கா.

மிஞ்சியது தட்டிகள். இறக்கினால் பூ பிழைக்கும். ஏற்றியே வைத்தால் புடவை காயும். கயிற்றருகே நின்றேன். ஐந்து வருஷம்... என் கண் முன்னாலேயே ஒரு மொட்டு உதிர்ந்தது. கயிற்றை அவிழ்க்கவில்லை.

சரியாகப் பதினொன்றரைக்கு நடுவர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். நேரம் தவறாத மனிதர்களை அன்றுதான் முதல்முறையாக வெறுத்தேன். முன்னால் வந்தவர் பருமனான ரிட்டயர்டு எஞ்சினீயர். கை நீட்டினார். நான் பின்வாங்கினேன். சொட்டச் சொட்ட நனைந்த வேஷ்டியோடு, உட்காரச் சொல்லாமல், கை குலுக்காமல் நிற்கும் ஒரு தோட்டக்காரரை அவர் பார்த்திருக்கமாட்டார்.

"எந்தா சாமீ," என்றார், "இந்தச் செடிக்கு இத்தனை வெயில் கூடாதல்லோ? தட்டி உண்டல்லோ மேலே!"

உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு கயிற்றை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடப்படாது!" என்று அக்காவும் நானும் ஒரே குரலில் கத்தினோம்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். பிறகு புடவையைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். வெகு சுருக்கமாகத்தான் எழுதினார்.

ஒரு மணிக்குப் புடவை மொடமொடவென்று காய்ந்தது. அக்கா சமைத்து, ஒன்று ஐம்பதுக்கு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தேங்காய் அரைத்துவிட்ட கத்தரிக்காய் எரிசேரியும் ரசமும். இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டதைக் கூடத்திலிருந்து பார்த்தேன். பூந்தண்டில் அப்போது ஏழு பாக்கி.

நேற்று முடிவு தபாலில் வந்தது. பரிசு இல்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. கூடவே நடுவர்களின் குறிப்பு ஒன்று. லக்ஷ்மி வாங்கி உரக்கப் படித்தாள்:

"அறை நேர்த்தியானது. மூங்கில் தட்டிகள் மிக நல்லவை. ஆனால் அவற்றை எப்போது இறக்குவது என்பது உரிமையாளருக்குத் தெரியவில்லை."

நான் கொதித்துப்போய் அக்காவைப் பார்த்தேன்.

"சரியாத்தானேடா எழுதியிருக்கா," என்றாள் அக்கா.